அம்மாவின் விரல்களுக்காக ஒரு நன்றி மடல்

நாகப்பட்டினம் மீன் சந்தை அக்காமாருக்கும், மருந்துக்கடை அண்ணனுக்கும், டாக்டரம்மாவுக்கும், விலங்கியல் சாருக்கும் வணக்கம்.

போன மார்கழியில், ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு மீன் எடுக்கும்போதெல்லாம் அம்மாவின் விரல்கள் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துவிடும். அப்புறம் நீலம். சூடு பட்டால் சிவந்து, குத்திக் குத்தி வலிக்கும். முதலில் காட்டிய இடத்தில் "ரத்தம் கம்மி" என்று சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதம் வலியோடுதான் விற்றார்.

அண்ணே, அம்மா பிரஷருக்குச் சாப்பிட்ட அட்டினோலாலைப் பார்த்துவிட்டு, "இது விரலை இன்னும் குளிர வைக்கும், ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைதான் வழி காட்டியது.

டாக்டரம்மா, நகக்கண் ஓரத்து நுண்குழாய்களை லென்ஸ் வைத்துப் பார்த்தீர்கள். தோல் இறுகும் ஸ்க்ளீரோடெர்மா இல்லை, குளிரில் விரல் ரத்தக் குழாய்கள் அளவு மீறி இறுகும் ரேனாட்தான் என்று ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு நீங்கள் சொன்ன அன்றுதான் நாங்கள் தூங்கினோம். மாத்திரையை நிஃபெடிபினுக்கு மாற்றினீர்கள். அது பிரஷரையும் பார்த்துக்கொள்கிறது, விரல் குழாய்களையும் தளர்த்துகிறது.

"எனக்கு மட்டும் ஏன்?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். சார், நீங்கள் வாய்க்கால் மதகை வைத்துச் சொன்னீர்கள். விரலின் ரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள தசைச் செல்களுக்குள் நரம்பின் சேதியை வாங்கும் ஆல்பா-2சி என்ற ஏற்பி, வேலையில்லாத மடையாள் மாதிரி உள்ளேயே கிடக்கும். குளிர் பட்டால் ரோ கைனேஸ் என்ற நொதி அதைச் செல்லின் மேற்பரப்புக்குக் கொண்டுவரும். நரம்பு விடும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் அதில் ஒட்டியதும் தசை இறுகி, மடை அடைபடும். உடம்புச் சூடு வெளியே போகாமல் இருக்க எல்லாருக்கும் நடப்பதுதான், அம்மாவுக்கு அளவு மீறுகிறது. கவலைப்பட்டாலும் நரம்பு அதே நார்அட்ரினலினை விடும் என்றீர்கள். அதன்பின் அம்மா தன் கையைத் திட்டுவதை விட்டுவிட்டார்.

அக்காமாரே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல? கேட்காமலே முறை வைத்துக்கொண்டு, அம்மாவின் பெட்டியிலும் நீங்களே கைவிட்டு எடுத்துக் கொடுத்தீர்கள். அம்மா தராசை மட்டும் பிடித்தார். ஒரு நாள் வியாபாரம்கூட நிற்கவில்லை. இந்த மார்கழிக்கும் அம்மா உங்கள் பக்கத்தில்தான் உட்காருவார், உள்ளே கம்பளிக் கையுறையும் மேலே ரப்பர் கையுறையும் மாட்டிக்கொண்டு.