அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடு

அன்புள்ள கலா,

இங்கே எல்லோரும் நலம். மற்றதை நேரில் சொல்கிறேன். உன் கடிதத்தின் கடைசிப் பக்கம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆங்கிலத்தில் வரும் 'கெட்' (get) என்ற வினைக்கு ஒரு பக்கம் முழுக்க அர்த்தம் எழுதிக் கொடுத்து உன் மாணவர்களை மனப்பாடம் செய்யச் சொன்னாயாமே! நீயாடி இப்படி? உருப்போட மாட்டோம் என்று நாம் வாங்கிய திட்டெல்லாம் மறந்துபோச்சா?

அந்தப் பட்டியல் முடியவே முடியாது. 1755-இல் ஆங்கில அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே கெட், புட், செட், ரன் போன்ற வினைகளை முழுதாகப் பிடிக்க முடியாது என்று முன்னுரையில் சொல்லிவிட்டார். புயலில் ஆடும் தோப்பை, தண்ணீரில் விழும் அதன் பிம்பத்தைப் பார்த்துத் துல்லியமாக வரைய முடியாது, அதுபோலத்தான் என்றார்.

அர்த்தத்தைக் கெட்டுக்குள் தேட வேண்டாம், பக்கத்தில் என்ன வருகிறது என்று பார்க்கச் சொல். 'கெட் எ லெட்டர்' என்று ஒரு பொருளின் பெயர் வந்தால் கிடைப்பது. 'கெட் ஆங்ரி' என்று நிலை வந்தால் அப்படி ஆவது. 'கெட் ஹோம்' என்று இடம் வந்தால் போய்ச் சேர்வது. 'கெட் ஹிம் டு சைன்' என்றால் எப்படியோ பேசிக் கையெழுத்துப் போட வைப்பது. 'மேக் ஹிம் சைன்' என்பதில் 'டு' கிடையாது, பெரும்பாலும் கட்டாயம் இருக்கும். முன்பு இல்லாத ஒன்று வந்து சேர்கிறது என்ற சரடு கெட்டில் அநேகமாக எங்கும் ஓடுகிறது.

இதைவிட நல்ல வழி நம்மிடமே இருக்கிறது. 'வாங்கு' என்பதை யோசித்துப் பார். சம்பளம் வாங்குகிறோம், பரிசு வாங்குகிறோம், அடியும் வாங்குகிறோம். 'காட் ஸ்கோல்டட்' (got scolded) என்பது அச்சு அசலாகத் திட்டு வாங்கியதுதான். ஒருவரிடம் வேலை வாங்குவது 'கெட் ஹிம் டு வொர்க்'! இத்தனையையும் யாரும் நமக்குப் பட்டியல் போட்டுக் கற்றுத் தரவில்லையே. ஆனால் இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கோபத்தை நாம் வாங்குவதில்லை, அது வருகிறது. வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கும் 'வாங்கு' உதவாது. அந்த இடங்களில்தான் உன் மாணவர்கள் தடுமாறுவார்கள், அங்கே நின்று நிதானமாகச் சொல்லிக் கொடு.

அப்புறம், 'காட்' (got) என்பதற்குப் பதில் 'காட்டன்' (gotten) என்று சொல்வது தவறா என்று கேட்டிருந்தாய். இல்லை. பழைய வடிவம், பிரிட்டனில் பெரும்பாலும் மறைந்தது, அமெரிக்காவில் நின்றது. அங்கே 'ஐ ஹாவ் காட் எ கார்' என்றால் கார் இருக்கிறது, 'ஐ ஹாவ் காட்டன் எ கார்' என்றால் புதிதாக வந்திருக்கிறது.

கலா, அந்தப் பெரியவர் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். வயதின் மேல் பழி போடாதே. அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் மிரண்டிருப்பார். நீயே போய் அவரைக் கூப்பிடு. திட்டு வாங்கிய கதையிலிருந்து ஆரம்பி. வந்தாரா என்று எனக்கு எழுது, வராவிட்டாலும் எழுது.

உன்,
வசந்தா