ஈயச்சொம்பை உள்ளே எடுத்து வை

காரைக்குடி
தை 5

அன்பு மீனாளுக்கு,

ஆத்தாவும் நானும் சுகம். ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்தது பேரன்தான். அம்மா வேலையாக இருக்கிறாள் என்றான். மாப்பிள்ளை சத்தமும் கேட்கவில்லை. சரி, வேலை இருக்கும்.

"ஐயா, சிலிக்கான் உலோகமா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்க" என்றான். 30 வருஷம் வேதியியல் நடத்தியவனிடம் ஒரே வார்த்தையா! உலோகம் போல மினுமினுக்கும், ஆனால் சுத்தியலால் தட்டினால் தகடாகாது, நொறுங்கும். மின்சாரத்தையும் அரைகுறையாகத்தான் கடத்தும். அதனால் உலோகப்போலி என்றேன். போலி என்றால் கள்ளச்சரக்கா என்று கேட்கிறான். உன் மூளை அப்படியே. அவனுக்குத் தனிம அட்டவணையில் 14ஆம் தொகுதியை மட்டும் காட்டு. மேலே கரி, அது அலோகம். அடுத்து சிலிக்கானும் ஜெர்மானியமும் உலோகப்போலி. அதற்கும் கீழே வெள்ளீயம், காரீயம், இரண்டும் உலோகம். ஒரே குடும்பம்தான்.

அவன் இன்னொன்றும் சொன்னான். கல்யாணச் சாமானெல்லாம் பெட்டி கட்டி கராஜில் இருக்கிறதாமே, ஈயச்சொம்பும் அதில்தானா? உள்ளே எடுத்து வை. ஈயச்சொம்பு என்பது வெள்ளீயம்தான். சுத்தமான வெள்ளீயம் 13 டிகிரிக்குக் கீழே நெடுநாள் கிடந்தால் பளபளப்புப் போய், பூச்சி அரித்த மாதிரி சாம்பல் நிறப் பொடியாக உதிரும். அப்புறம் அதில் உலோகக் குணமே இராது. ஓரிடத்தில் தொடங்கினால் பரவும். டொராண்டோ குளிரில் எத்தனை மாதமாகக் கிடக்கிறதோ. ஏன் பெட்டி கட்டினாய் என்று நான் கேட்கவில்லை. சொம்பை உள்ளே எடுத்து வை, அவ்வளவுதான்.

இரண்டாங்கட்டில் உன் அறையை ஒழித்துத் துடைத்து வைத்திருக்கிறோம். சும்மாதான்.

ரசம் வைப்பதானால் புளித்தண்ணீர் ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்று. வெறுஞ்சொம்பு 232 டிகிரியில் உருகிவிடும். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நீ ஒன்பதாவது படித்தபோது அப்பத்தாவின் சொம்பு உருகியதே, அதை அடுப்பில் வைத்தது நான்தான். பேப்பர் படித்துக்கொண்டே மறந்துவிட்டேன். ஆத்தா உன்னைத் திட்டினாள். நீ "நான் இல்லை, நான் இல்லை" என்று அழுதாய். இந்த வாத்தியார் முகப்பில் உட்கார்ந்து வாயே திறக்கவில்லை. அதற்கப்புறம்தான் நீ வீட்டில் எதையும் சொல்வதை விட்டாய்.

உருகிய கட்டி என் மேஜை டிராயரில் இன்னும் இருக்கிறது. நேற்று அதை எடுத்து ஆத்தாவிடம் காட்டிச் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், "எனக்கு எதுக்கு? அவளுக்கு எழுதுங்க" என்றாள்.

அப்பச்சி