பொம்மைப் பக்கம் பாதியில் நிற்கிறது: கீப்-அலைவை ஆன் செய்யுங்கள்

அனுப்புநர்: கொலு பொம்மைக் கடை உரிமையாளர், மயிலாப்பூர், சென்னை - 600 004

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உங்கள் சர்வரின் கனெக்‌ஷன் செட்டிங் (கீப்-அலைவ்: ஒரு இணைப்பைத் திறந்தே வைத்து அடுத்தடுத்த படங்களையும் அதிலேயே அனுப்புவது) தொடர்பான புகார்

ஐயா,

நவராத்திரியை ஒட்டித்தான் எங்களுக்கு வியாபாரமே. இந்த நேரம் பார்த்து நீங்கள் ஹோஸ்ட் செய்யும் எங்கள் தளம் பாதிதான் திறக்கிறது. தசாவதார செட்டில் மச்சம், கூர்மம் வருகின்றன. வராகத்தின் இடத்தில் வெறும் கட்டம். ரிஃப்ரெஷ் செய்தால் வராகம் வந்துவிடும், நரசிம்மரைக் காணோம். “செட் முழுசா கிடைக்காதா?” என்று தாம்பரத்திலிருந்து ஒரு அம்மா போனில் கேட்கிறார்.

உங்கள் சப்போர்ட்டில் சொன்னால், கேச் கிளியர் பண்ணுங்கள், படங்களைச் சின்னதாக்குங்கள் என்கிறார்கள். ஒவ்வொரு படமும் 40 கேபிகூட இல்லை. இன்னும் சின்னதாக்கினால் பெருமாளுக்கு முகமே இருக்காது.

குரோமில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து பார்த்தேன். எல்லாப் பதிலிலும் ‘கனெக்‌ஷன்: குளோஸ்’. அதாவது, ஒரு படத்தைக் கொடுத்ததும் உங்கள் சர்வர் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. அடுத்த படத்துக்கு மறுபடி புது இணைப்பு. சர்வரோ அமெரிக்காவில், ஒரு தடவை போய்வரவே சுமார் கால் விநாடி. இணைப்பை ஏற்படுத்தும் டிசிபிக்கு ஒரு சுற்று, அதைப் பாதுகாப்பாக்கும் டிஎல்எஸ் 1.2-க்கு இரண்டு சுற்று. படம் கேட்பதற்கு முன்பே முக்கால் விநாடி காலி. குரோம் ஒரு தளத்துக்கு ஒரே சமயத்தில் ஆறு இணைப்புதான் திறக்கும், மற்ற படங்கள் வரிசையில் நிற்கும். சர்வரில் நெரிசல் என்றால் புது இணைப்புகளில் சில உள்ளேயே போகாமல் அறுந்துவிடும். காணாமல் போகும் வராகம் அதுதான்.

அப்பாச்சி சர்வர் மென்பொருளில் கீப்-அலைவ் இயல்பாகவே ஆனில்தான் இருக்கும். அடுத்த கோரிக்கைக்குக் காத்திருப்பு 5 விநாடி, ஒரு இணைப்பில் 100 கோரிக்கை. ஆகவே உங்கள் பக்கம் யாரோ வேண்டுமென்றே அணைத்திருக்கிறார்கள். சும்மா காத்திருக்கும் இணைப்புகள் மெமரியைத் தின்னும் என்ற பயமாக இருக்கலாம். சரி, நியாயமான பயம்தான். அதற்குக் காத்திருப்பை 2 விநாடியாகக் குறைக்கலாமே. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு வொர்க்கரை (கோரிக்கையைக் கவனிக்கும் சர்வரின் வேலையாள்) ஒதுக்கும் ப்ரீஃபோர்க் முறையில் ஓட்டினால், அப்பாச்சியின் ஈவென்ட் முறைக்கு மாறலாம். அதில் காத்திருக்கும் இணைப்பு ஒரு வொர்க்கரைப் பிடித்துவைக்காது. வலைப்பக்கங்களை அனுப்பும் மேம்பட்ட முறையான ஹெச்டிடிபி/2 கொடுத்தால் இன்னும் நல்லது, எல்லாப் படமும் ஒரே இணைப்பில் வந்துவிடும். அது 2015-இலேயே வந்த தரம்.

கீப்-அலைவை ஆன் செய்து, என்ன மாற்றினீர்கள் என்பதை மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். கேச் பற்றி இன்னொரு பதில் வேண்டாம். மகாளய அமாவாசைக்குள் சரியாகவில்லை என்றால் தளத்தை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்வேன். மீதி மாதங்களுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்