ஸ்டாண்டிலும் ஓட்டட்டும், செயலியிலும் ஓட்டட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பக்கத்து டாக்ஸி ஸ்டாண்டுகள் சிலவற்றில், செயலி வழியே சவாரி எடுக்கிறவருக்கு இடமில்லை என்கிறார்கள். இது ஓட்டுநரின் வயிற்றில் அடிப்பது. பர்மிட், வரி, இன்சூரன்ஸ் எல்லாம் ஒழுங்காக வைத்திருக்கிறவர் இரண்டிலும் ஓட்டினால் என்ன தப்பு? ஓர் ஓட்டுநர் பல செயலிகளில் சேர்ந்து ஓட்டுவதை ஏற்றுக்கொண்டுதான் மத்திய அரசு 2020 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறைகளையே வெளியிட்டது.

திருப்பூரிலிருந்து கோவை பீளமேடு விமான நிலையத்துக்கு ஆளைக் கொண்டுபோய் விட்டவர், அவ்வளவு தூரமும் காலி வண்டியை ஓட்டிவர வேண்டுமா? திரும்புகாலில் ஒரு சவாரி கிடைத்தால் டீசல் காசாவது மிஞ்சும்.

ஸ்டாண்டுக்காரர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. போன் அடித்ததும் வரிசையை விட்டுப் போனவர், திரும்பி வந்து பழைய இடத்தைக் கேட்கக் கூடாது. கடைசியில்தான் நிற்க வேண்டும்.

எனக்குப் பயமெல்லாம் தூக்கத்தைப் பற்றித்தான். எத்தனை செயலி ஆனாலும் நாளுக்கு 12 மணி நேரம், பிறகு 10 மணி நேர ஓய்வு என்றன அதே 2020 நெறிமுறைகள். ஸ்டாண்டில் ஓட்டிய நேரம் எந்தச் செயலிக்குத் தெரியும்? ராத்திரி முழுக்கக் கோவையில் ஓட்டிவிட்டு விடியற்காலையில் மேட்டுப்பாளையம் தாண்டி ஊட்டி மலை ஏறுகிறார்கள். பின்னால் குடும்பம் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கிறது. செயலியைத் தடுக்கும் சங்கங்கள் அதை விட்டுவிட்டு, ஓட்டுநர்களின் மொத்த நேரத்துக்கு ஸ்டாண்டிலேயே ஒரு நோட்டு வைத்துக் கணக்குப் பார்க்கட்டும். செயலித் தொழிலாளர்களுக்காக 2023-இல் தமிழக அரசு அமைத்த நல வாரியத்தில் அந்த ஓட்டுநர்களைப் பதிவு செய்துகொடுக்கவும் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பல்லடம்