பல்லாவரம் சந்தை அண்ணனுக்கு நன்றி

பறவை, முயல், கினிப் பன்றி என்று சின்ன உயிர்களை ஆராய்வதுதான் என் வேலை. மாட்டையும் நாயையும் பிடித்துப் பழகிய கைக்கு லவ் பேர்ட்ஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கூண்டு விற்ற ஒரு அண்ணன். "தலையை ரெண்டு விரலுக்கு நடுவுல பிடி தம்பி, நெஞ்சை அமுக்காதே, செத்துடும்" என்றார். எவ்வளவு சரி! நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சிழுக்க உதவும் தசையான உதரவிதானம் பறவைக்குக் கிடையாது. மார்பெலும்பு தடையில்லாமல் அசைந்தால்தான் காற்றுப் பைகளுக்குள் மூச்சு போகும். அப்புறம், பரிசோதனைக்கு என்றாலும் 35 கிராம் எடையுள்ள பறவையிடம் 0.3 மில்லிக்கு மேல் ரத்தம் எடுக்கக் கூடாது. அதை எடுக்கவும் அந்தப் பிடிதான் வேண்டும். இன்று என் மாணவர்களுக்கும் அதையே சொல்லித்தருகிறேன். உங்கள் பெயர் தெரியாது அண்ணே. ரொம்ப நன்றி.