வெங்காயத்தைக் கீழே வை, பாப்பா

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். காதுக்குப் பின்னால், பழைய நாலணா அளவுக்கு முடி கொட்டி வழவழவென்று ஒரு வட்டம். கீழே ஒரே வரி: "அக்கா, நான் ரொம்ப டென்ஷன் ஆனதாலதான் இப்படி ஆச்சா?"

அந்த வரியைப் படித்தபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு முதல் வட்டம் விழுந்தது முப்பத்திரண்டு வயதில். பூ வைத்துவிட வந்த அம்மாதான் கண்டுபிடித்தாள். பின்னலைத் தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. "புழுவெட்டுடி" என்றாள். அன்று சாயங்காலமே சின்ன வெங்காயம் அரைத்துத் தேய்க்கும் படலம் தொடங்கியது. மூன்று வாரம் தேய்த்ததில் தோல் வெந்து கொப்பளித்ததுதான் மிச்சம். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் பாவம், ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைத் திறந்து வைப்பார். பெயரில்தான் புழு இருக்கிறது, தலையில் கிடையாது. சீப்பிலோ தலையணையிலோ ஒட்டிப் பரவவும் பரவாது. உன் மாமியார் தனித் துண்டு எடுத்து வைத்தாரானால் இதை மட்டும் சொல்லிவிடு.

வளரும் முடியின் வேர் சாதாரணமாக நம் எதிர்ப்பு அணுக்களின் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும். அந்த மறைப்பு விலகினால், அந்த அணுக்களில் ஒரு வகையான டி-செல்கள் அதை அந்நியன் என்று நினைத்துச் சூழ்ந்துகொள்ளும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வேரைத் தேனீக் கூட்டம் மொய்ப்பதுபோல இருக்கும் என்று டாக்டர்களே வர்ணிப்பார்கள். ஆனால் வேர் சாவதில்லை, முடங்கிக் கிடக்கிறது. அதனால்தான் வருடங்கள் கழித்துக்கூட முளைக்கிறது. உன் ஹாஷிமோட்டோ என்ற தைராய்டு நோயும் இதே வீட்டுச் சண்டைதான்; அங்கே அடி வாங்குவது தைராய்டு. ஒருவருக்கே இரண்டும் வருவது அபூர்வம் இல்லை. இன்னொரு வேடிக்கை: இந்தத் தாக்குதல் நரைமுடியைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஒரே ராத்திரியில் தலை நரைத்த கதைகளில் சிலவாவது, கருப்பு முடி மட்டும் கொட்டிப்போன கதையாக இருக்கலாம்.

சரி, டென்ஷனுக்கு வருகிறேன். காய்ச்சல், பிரசவம், பெரிய துக்கம் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் தலை முழுக்கக் கொத்துக் கொத்தாகக் கொட்டுமே, அது வேறு. தைராய்டு குறைந்து மொத்தமாக மெலிவதும் வேறு. வட்டமாக விழுவதை மன அழுத்தம் கிளறிவிடலாம் என்கிறார்கள். சிலர் கதைக்கு அது பொருந்துகிறது, பலருக்குப் பொருந்துவதில்லை. மூன்று வயதுக் குழந்தைக்கும் வருகிறதே, அதற்கு என்ன டார்கெட், எந்த மேனேஜர்?

நான் முதலில் பார்த்த டாக்டர் இரண்டே நிமிடத்தில் "ஸ்ட்ரெஸ்தாம்மா, யோகா பண்ணுங்க" என்று அனுப்பிவிட்டார். தைராய்டு டெஸ்ட் எழுதவில்லை. ஒரு வருடம் யோகா செய்தேன். செய்துகொண்டே, ஒழுங்காகக் கவலைப்படாமல் இருக்கக்கூடத் தெரியவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன். முடி போன கவலை பத்தாதென்று, கவலைப்படுகிறோமே என்கிற கவலை வேறு. உன்னிடம் யாராவது "டென்ஷன் ஆகாதே, இன்னும் கொட்டும்" என்றால், பதில் சொல்லாமல் எழுந்து போய்விடு. நன்றாகத் தூங்கு, வேண்டுமானால் கவுன்சிலரிடம் பேசு. அதெல்லாம் உனக்காக. முடி வளரவில்லை என்றால் அதில் நீ தோற்றதாக ஆகாது.

குளித்தபின் முடி எண்ணுவதையும் நிறுத்து. நான் நாற்பத்தொரு நாள் நோட்டில் எழுதி வைத்தேன், ஒரு பிரயோஜனமும் இல்லை. மாதம் ஒரு போட்டோ, அதே வெளிச்சத்தில், போதும்.

அப்புறம், அந்த பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை. பார்லரில் கொடுத்தார்கள் என்றாயே, தைராய்டு ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பாவது அதை நிறுத்து. இல்லாவிட்டால் ரிசல்ட் பொய் சொல்லும். அப்படி நிறுத்திவிட்டு எடுத்த ரிசல்ட் வரும்வரை டாக்டர் உன் தைராய்டு மாத்திரையின் டோஸை மாற்ற விடாதே.

ஊசியைப் பற்றிக் கேட்டாய். வட்டத்துக்குள் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில், மெல்லிய ஊசியால் ஸ்டீராய்டைத் துளித்துளியாக ஏற்றுவார்கள். ஒவ்வொன்றும் எறும்புக் கடி, ஜவ்வரிசி அளவுக்குப் புடைக்கும். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை. சில இடத்தில் தோல் லேசாகக் குழிந்து, பெரும்பாலும் தானே சரியாகும். 2022-இல் அமெரிக்காவில் பாரிசிட்டினிப் என்ற மாத்திரைக்கு அனுமதி கொடுத்தார்கள். அது தலையில் பெரும்பகுதி போனவர்களுக்கு. ஆரம்பிக்கும் முன் காசநோய் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உன் ஒரு வட்டத்துக்கு இப்போது அந்தப் பேச்சே வேண்டாம்.

எனக்கு மூன்றாவது ஊசிக்குப் பிறகு முளைத்தது. முதலில் வெள்ளையாக, பூனை முடி மாதிரி. அம்மா தடவிப் பார்த்து, "கிழவியாகிட்ட" என்று சிரித்தாள். அப்புறம் கருத்தது. இரண்டு வருடம் கழித்து உச்சியில் இன்னொன்று விழுந்தது, அதை உனக்கு மறைக்க மாட்டேன். அதுவும் முளைத்தது. இப்போது வகிடு பக்கவாட்டில் எடுக்கிறேன், அவ்வளவுதான்.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு நானும் வருகிறேன். தைராய்டு மாத்திரை போட்டு அரை மணி நேரமாவது கழித்து, இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு. நான் முதல் தடவை வெறும் வயிற்றோடு போய், ஊசி போடும் நாற்காலியிலேயே மயங்கி விழுந்தேன்.

அக்கா