7.98 வாங்கியவனுக்கு என்ன பதில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு கல்வி இணைப்பில், பொறியியல் படித்தவர்கள் இன்வெஸ்ட்மெண்ட் பேங்கில், அதாவது பெரிய கம்பெனிகளுக்குப் பணம் திரட்டித் தருகிற பேங்கில், சேருவது எப்படி என்று முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். படம் பிரமாதம். கோட் போட்ட பையன், பின்னால் கண்ணாடிக் கட்டடம். நடுவில் ஒரு வரி: "சி.ஜி.பி.ஏ. வெறும் எண்தான், திறமை இருந்தால் வாய்ப்பு வீடு தேடி வரும்." எல்லா செமஸ்டருக்கும் சேர்த்துப் பத்துக்குப் போடுகிற சராசரிதான் இந்த சி.ஜி.பி.ஏ. யார் வீட்டைச் சொல்கிறார் என்று எழுதியவரிடம் கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள்.

நான் நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பதினோரு வருஷமாகப் பிளேஸ்மென்ட் (பசங்களுக்கு வேலை வாங்கித் தருகிற பொறுப்பு) பார்க்கிறேன், மெக்கானிக்கலுக்குப் பாடமும் எடுக்கிறேன். அந்த வெறும் எண் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் செய்வதே நான்தான். கம்பெனியிலிருந்து மெயில் வரும். பத்தாவது, பன்னிரண்டாவதில் 60 சதவீதம், சி.ஜி.பி.ஏ. 8-க்குக் குறையக் கூடாது, அரியர் இப்போது மட்டுமல்ல, எப்போதுமே இருந்திருக்கக் கூடாது, சர்க்யூட் பிராஞ்ச் (எலக்ட்ரானிக்ஸ், எலக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் மாதிரிப் படிப்புகள்) மட்டும். எக்ஸெலைத் திறந்து ஒவ்வொன்றாக ஃபில்டர் போடுவேன். 412 பேர் இருந்த ஷீட்டில் 37 பேர் மிஞ்சுவார்கள். மீதிப் பேரின் திறமையை விடுங்கள், பெயரைக்கூட அந்தக் கம்பெனியில் யாரும் படித்ததில்லை.

2023 செப்டம்பரில் ஒரு பேங்க் இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுத்தது. பெயர் வேண்டாம், எல்லாரும் ஒரே மாதிரிதான். எங்கள் ஈ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ்) பையன் ஒருவன், அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், அரசுப் பள்ளிப் பசங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பொறியியலுக்கு வந்த 2021-லேயே சேர்ந்தவன். 'அணிகள்' என்றால் அவனுக்குக் கரும்பு. போர்டில் 'மேட்ரிசஸ்' என்று எழுதிப்போட்டால், இரண்டும் ஒன்றுதான் என்று பிடிபடவே பாதி செமஸ்டர் போய்விட்டது. முதல் செமஸ்டர் 6.4. அப்புறம் 8.4, 8.5, 8.6. கிரெடிட் (பாடங்களின் எடை) எல்லா செமஸ்டருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், கூட்டி நாலால் வகுத்தால் 7.975. ஷீட்டில் 7.98 என்று இருந்தது. பேங்கில் ஆள் எடுக்கிற அம்மாவுக்கு போன் போட்டு, எட்டாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். "போர்ட்டல் எடுக்காது சார்" என்றார், மரியாதையாகத்தான் சொன்னார். பையன் என் மேஜையில் இருந்த கால்குலேட்டரை எடுத்து அவனே ஒரு தடவை கூட்டிப் பார்த்தான். அதே 7.975. கால்குலேட்டரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான்.

இதையெல்லாம் உங்கள் கட்டுரை தொடவே இல்லை. இந்த பேங்குகள் மூன்றாம் வருஷத் தொடக்கத்திலேயே இன்டர்னை எடுத்துவிடுகின்றன, கோடை விடுமுறையில் வேலை பார்த்தவர்களில் பிடித்தவர்களுக்கே வேலையும் கொடுத்துவிடுகின்றன. ஆக, கணக்கில் வருவது முதல் நாலு செமஸ்டர். கடைசி வருஷம் 9.5 வாங்கினால் அது பந்தி முடிந்த பிறகு போட்ட இலை. இதை முதல் வருஷப் பையனிடம் யார் சொல்கிறார்கள்? 'வெறும் எண்' என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள்.

சல்லடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்து இடத்துக்கு ஆயிரக்கணக்கில் மனு வந்தால் அவர்களும் என்ன செய்வார்கள். ஆனால் எங்கள் பசங்களுக்குப் பல்கலைக்கழகம் கேள்வித்தாள் அனுப்புகிறது, விடைத்தாளை யாரோ எங்கேயோ திருத்துகிறார்கள். பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு தன்னாட்சிக் கல்லூரி, கேள்வியும் அவர்களே, திருத்துவதும் அவர்களே, அங்கே 9-க்குக் குறைந்தவன் வெளியில் தலைகாட்ட மாட்டான். இரண்டு பேருக்கும் அதே 8.

சர்க்யூட் பிராஞ்ச் கதை இன்னும் வேடிக்கை. பங்குச் சந்தையில் விற்கிற ஆப்ஷன் ஒப்பந்தத்துக்கு விலை கணக்கிடும் பிளாக்-ஷோல்ஸ் சமன்பாடு 1973-ல் வந்தது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மாறிகளைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் அது வெப்பக் கடத்தல் சமன்பாடு. வருஷா வருஷம் நான் மெக்கானிக்கல் பசங்களுக்கு நடத்துகிற அதேதான். ஆனால் மெயிலில் மெக்கானிக்கலுக்கு இடமே இல்லை.

சரி, உள்ளே போனவனுக்காவது படத்தில் இருக்கும் வேலை கிடைக்குமா? கம்பெனியை வாங்கி விற்கிற, ஐ.பி.ஓ. (முதல் பங்கு வெளியீடு) கொண்டுவருகிற நாற்காலிகளில் பெரும்பாலும் ஐ.ஐ.எம். படித்தவர்களும் சி.ஏ. முடித்தவர்களும்தான் உட்காருகிறார்கள். பெங்களூருவிலும் ஹைதராபாத்திலும் சென்னையிலும் நம் இன்ஜினியர்கள் அதிகம் செய்வது சாஃப்ட்வேர், ரிஸ்க், கணக்குச் சரிபார்ப்பு. கௌரவமான வேலை, எங்கள் ஊருக்குப் பெரிய சம்பளம். அதை அப்படியே சொல்லிவிட்டால் என்ன?

2020 ஆகஸ்டில், அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டியவர்களெல்லாம் பாஸ் என்று அரசு அறிவித்தபோது, அரியர் வைத்த அத்தனை பேரையும் மாடு மேய்ப்பவர்களாகக் கார்ட்டூன் போட்டீர்கள். அப்போதும் கடிதம் எழுதினேன். தபாலில் தொலைந்திருக்கும்.

அந்த 7.98 பையன் இப்போது கோயம்புத்தூரில் டெஸ்டிங் வேலையில் இருக்கிறான். உங்கள் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதே அவன்தான். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த முறை இப்படிக் கட்டுரை போட்டால் அடியில் ஒரு பெட்டி கட்டி, சி.ஜி.பி.ஏ. எவ்வளவு, அரியர் நிபந்தனை என்ன, எந்தெந்த பிராஞ்ச், எத்தனையாவது செமஸ்டர் வரை பார்ப்பார்கள் என்று நாலு வரி போடுங்கள். முதல் வருஷ வகுப்பு தொடங்குகிற மாதத்தில் போட்டால் இன்னும் நல்லது. இடம் இல்லையென்றால் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் இரண்டு மாடியைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட வேண்டாம் (வேலை முக்கியம்),
நாமக்கல் மாவட்டம்